வயதான அம்மா, அப்பாவை யார் பார்ப்பது? திருகோணமலைக் குடும்பங்களுக்கு முன்னால் உள்ள ஐந்து வழிகள்

திருகோணமலையில் வயதானவர்கள் உள்ள வீடுகளில் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. மூத்தவர் கனடாவில், அடுத்தவர் கொழும்பில், கடைசி மகள் இங்கேயே உவர்மலையிலோ உப்புவெளியிலோ. அப்பா போய்விட்டார், அம்மா தனிய. ஒருநாள் குளியலறையில் சறுக்கி விழுகிறார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் குடும்ப வட்ஸ்அப் குழு அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் எல்லோரும் கேட்பது, "இனி அம்மாவை எங்கே வைத்திருப்பது?"

எங்கே என்று தொடங்கினால் பேச்சு வீடு, அறை, விசா என்று போய்விடும். யார், எந்த நேரத்தில் என்று தொடங்குங்கள். அப்படிக் கேட்டால் சில வழிகள் அந்த இடத்திலேயே கழன்று விழும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் இரவு. பகலில் எந்த ஏற்பாடும் ஒருவாறு ஓடும். இரவில் மூன்று தடவை சிறுநீருக்கு எழும்பும் ஒருவரை யார் கைபிடித்துக் கூட்டிப்போவது? சலரோகம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் அதைக் கூட்டும். பழைய வீடுகளில் மலசலகூடம் பின்வளவில், இடையில் ஒரு படி, மாரி என்றால் பாசி. இருட்டில் விழுவது இந்தத் தூரத்தில்தான். தொடர்ந்து சில இரவுகள் எழும்பியவர் பகலில் வேலைக்குப் போய் ஒழுங்காக நிற்க முடியாது. ஆகவே எந்த வழியை எடுத்தாலும் இரவுக்குரிய ஆளின் பெயரை முதலில் எழுதுங்கள். பெயர் வராவிட்டால் அந்த வழி இன்னும் வழியாகவில்லை.

அடுத்தது கிளினிக்கும் வார்டும். மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு காலையிலேயே போய் வரிசையில் இருக்க ஓர் ஆள் வேண்டும். கையிருப்பில் இல்லாத மருந்துக்குத் துண்டு எழுதித் தருவார்கள், அதை வெளியில் வாங்க வேண்டும். வார்டில் மறித்துவிட்டால் துணைக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும், பெண்கள் வார்டில் இரவில் மகன் நிற்க முடியாது. நான்கு ஆண் பிள்ளைகள் உள்ள வீடுகள் இதை ஆஸ்பத்திரி வாசலில்தான் கண்டுபிடிக்கின்றன. மேல் சிகிச்சைக்கு மட்டக்களப்புக்கோ அனுராதபுரத்துக்கோ கண்டிக்கோ அனுப்பினால் எல்லாமே 100 கிலோமீற்றருக்கு மேல். அங்கே நிற்கவும் ஆள் வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்றுதான். சத்திரசிகிச்சை என்றால் வெளிநாட்டுக் காசு உடனே வரும். பம்பர்ஸ், ஓட்டோ, மீன், வெளியில் வாங்கும் மாத்திரை என்று நாளாந்தம் கரைவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மொத்தமாக எவ்வளவு தருவார்கள் என்பதைவிட மாதம் தவறாமல் எவ்வளவு வரும் என்று பாருங்கள்.

நான்காவது, பெரியவரின் சொந்தப் பழக்கம். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோவில், விறாந்தையில் இருந்தபடியே பக்கத்து வீட்டோடு கதை, தெரிந்த மீன்காரன். மறதி நோய் தொடங்கியவருக்கு இதெல்லாம் பொழுதுபோக்குக் கணக்கில் வராது. தெரிந்த இடம்தான் அவரை நிதானத்தில் வைத்திருக்கிறது.

ஐந்தாவது, பார்க்கிற ஆளின் சீவியம். வழமையாக இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் பார்வையில் இதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பார்க்கிறவர் விழுந்தால் ஏற்பாடு முழுவதும் அன்றே விழும்.

## மகளின் வீடு

கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குப் போவது வழக்கம். கல்யாணத்தில் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் ஒரு சின்ன வீட்டிலோ பின்னறையிலோ இருப்பார்கள். எனவே பல குடும்பங்களில் தெரிவு முப்பது வருடத்துக்கு முன்னரே செய்யப்பட்டுவிட்டது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதுதான் மிச்சம்.

இரவு, கிளினிக்கும் வார்டும், பழக்கம் என்று மூன்று அளவுகோலிலும் இந்த வழிதான் முன்னுக்கு நிற்கிறது. அம்மாவைக் குளிப்பாட்ட மகள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் கண்முன்னே ஓடித்திரிகிறார்கள், அயல் மாறவில்லை.

ஐந்தாவதில் அடிபடுகிறது. "வீடு அவளுக்குத்தானே கொடுத்தது" என்ற ஒரு வசனத்தோடு சகோதரர்கள் விலகிக்கொள்வார்கள். அன்று வீட்டுக்கு இருந்த பெறுமதியையும் இன்று அவள் கொடுக்கும் நேரத்தையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அம்மா எண்பதைத் தொடும்போது மகளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அவளுக்கே பிரஷர், மூட்டு நோ, ஏ.எல். படிக்கும் பிள்ளை, கணவரின் பெற்றோர். ஆசிரியையாகவோ தாதியாகவோ வேலை பார்ப்பவள் என்றால் முதலில் லீவு முடியும், அப்புறம் சம்பளமில்லா லீவு, அப்புறம் முற்கூட்டியே பென்ஷன் எடுக்கிற யோசனை. இந்த வழியின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது.

ஓகஸ்டில் வரும் வெளிநாட்டு அண்ணன்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் விருந்தாளியாக வருகிறார்கள். அம்மாவுக்கு ஒரு சமையல், அவர்களுக்கு ஒரு சமையல் என்று தங்கச்சிக்கு அந்த மாதம் இரட்டை வேலை. வருவது நல்லதுதான், ஆனால் வந்து நிற்கும் இரண்டு கிழமைக்கு அவளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு இரவுக் கடமையை நீங்கள் எடுங்கள். அனுப்பும் காசைவிட அது பெரிய உதவி. காசுக்குத் தெரியாத பல விஷயங்கள் உங்களுக்கும் தெரியவரும்.

வீடு இன்னும் அம்மாவின் பெயரில் இருந்தால், "இப்போதே எழுதிவிடுவோம்" என்ற பேச்சு வரும். எழுதுவதில் பிழையில்லை. சீவிய உரித்தை அம்மாவுக்கு ஒதுக்கி வைத்து நன்கொடை உறுதி எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். அதன்படி அவர் உயிரோடு இருக்கும்வரை வீட்டில் இருக்கும் உரிமை அவருடையது. கொடுத்தபின் பிள்ளை கடுமையான நன்றிகெட்டதனமாக நடந்தால், மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடையையும் மாவட்ட நீதிமன்றத்தில் இரத்துச் செய்யக் கேட்பதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த வாசல்வரை போவதைவிடச் சீவிய உரித்து மலிவு.

இந்த வழி பொருந்துவது மகளுக்கு விருப்பம் இருக்கும்போது, பகலில் சில மணி நேரமாவது சம்பளத்துக்கு ஓர் ஆள் வரும்போது, மற்றப் பிள்ளைகள் மாதக் காசுக்கு ஒப்புக்கொண்டு அதை எழுத்திலும் வைக்கும்போது.

## முறைவைத்துப் பார்ப்பது

மூன்று மாதம் திருகோணமலை, மூன்று மாதம் மட்டக்களப்பு, மூன்று மாதம் கொழும்பு. கேட்க நியாயமாக இருக்கும், சண்டை குறையும். நடக்கக்கூடிய, ஊர் சுற்றப் பிடித்த அப்பா என்றால் அவருக்கும் சந்தோஷம். ஒவ்வொரு வீட்டிலும் புது ஆளாக வரவேற்பு கிடைக்கும்.

உடம்பு தளர்ந்தபின் இது கைகொடுக்காது. ஒவ்வொரு ஊரிலும் வேறு டொக்டர். ஒருவர் நிறுத்திய மாத்திரையை இன்னொருவர் தொடங்குவார், ஒரே மருந்தை இரண்டு பெயரில் குடித்துக்கொண்டிருப்பதும் நடக்கும். மாறி மாறிப் போவதென்றால் கிளினிக் கொப்பியையும் மருந்துப் பட்டியலையும் படமெடுத்து எல்லோர் போனிலும் வையுங்கள். மறதி நோய் உள்ளவருக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். நடுச்சாமத்தில் எழும்பி மலசலகூடம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பவரை ஒவ்வொரு மூன்று மாதமும் புது வீட்டில் கொண்டுபோய் விடுவது கொடுமை.

## சொந்த வீட்டில், ஆள் வைத்து

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான். அம்மாவுக்கும் இதுதான் விருப்பமாக இருக்கும். தன் கட்டில், தன் கிணறு, தன் முற்றம்.

நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். கெயார்கிவர் பயிற்சி முடித்தவர்கள் நம் வீட்டுக்கு வருவதைவிட இஸ்ரேலுக்குப் போவதைத்தான் யோசிப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, சம்பளம் அப்படி. அதனால் மூதூர், சம்பூர், தம்பலகாமம் பக்கம் தெரிந்தவர் மூலம் ஒரு நடுவயது அம்மாவைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் பேச்சில்தான் ஒப்பந்தம்.

ஒரு கிழமையில் 168 மணி நேரம். அதை ஒரு மனிதர் பார்க்க முடியாது. இரவில் நான்கு தடவை எழும்பி, பகலில் சமைத்து, துவைத்து, ஒரு நாளும் லீவில்லாமல் நிற்கச் சொன்னால், மூன்றாம் மாதம் "மகளுக்குச் சுகமில்லை" என்று ஊருக்குப் போவார், திரும்பி வரமாட்டார். ஆகவே சம்பளம் கணக்குப் போடும்போது இரண்டாவது ஆளின் சம்பளம், கிழமை லீவு, தீபாவளிச் சேலை, அவருடைய சாப்பாடு, அவருடைய மருந்து எல்லாவற்றையும் சேர்த்தே போடுங்கள். லண்டனில் இருந்து பார்க்கும்போது மலிவாகத் தெரியும் தொகை அப்போது மலிவாக இருக்காது.

ஊரில் மேற்பார்வைக்கு ஓர் உறவினரும் வேண்டும். மாதம் ஒரு தடவை, சொல்லாமல் வந்து எட்டிப்பார்க்கும் சின்னம்மாவோ மச்சானோ. கமராவை நம்பி இருக்காதீர்கள். அது விழுந்ததைக் காட்டும், தூக்கிவிடாது. முதுகில் படுக்கைப் புண் தொடங்குவதையும் காட்டாது. அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், அந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பார்க்க நிற்பவர் பதற்றத்தில் அந்த எண்ணைத் தேடமாட்டார், கனடாவுக்குத்தான் அழைப்பார்.

ஆளைத் தேடும் முன் வீட்டைத் திருத்துங்கள். அறைக்குப் பக்கத்தில் கொமட், சுவரில் பிடி, வழுக்காத தரை, இரவு விளக்கு. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே படுத்த படுக்கையாக இருப்பவருக்கு உடம்பு வற்றிப்போகும். சிலிங் போடுவதும் மருந்துச் செலவில்தான் சேர்த்தி.

அம்மாவுக்கு அறிவு தெளிவாக இருந்து, ஊரில் ஒரு சொந்தமும் இருந்து, மாதக் காசு தவறாமல் வருமானால் இது நல்ல வழி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள்.

## கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ கூட்டிப்போவது

கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கத்தில், விசேட வைத்தியர் கைக்கெட்டும் தூரத்தில். புற்றுநோய், சிறுநீரகம், இதயம் என்று அடிக்கடி விசேட வைத்தியரைப் பார்க்க வேண்டியவருக்கு வெள்ளவத்தை ஃபிளாட் நியாயமான தெரிவு. மற்றவர்களுக்கு அது நான்காம் மாடியில் பூட்டிய கதவு. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்கத் தொலைக்காட்சிதான் துணை.

கனடாவின் சூப்பர் விசாவில் 2022 ஜூலையில் இருந்து ஒரே தடவையில் 5 வருடம்வரை நிற்கலாம். அழைக்கும் பிள்ளை வருமான அளவைக் காட்ட வேண்டும். குறைந்தது 100,000 கனடிய டொலருக்கான மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். விசா கிடைத்தாலும் அது வருகையாளர் நிலைதான், அரச மருத்துவம் கிடையாது. காப்புறுதிப் பத்திரத்தில், முன்னரே உள்ள சலரோகத்தையும் இதய நோயையும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படியுங்கள். 75 வயதில் கட்டணமும் அந்த வரிகளைப் பொறுத்து மாறும்.

பிரித்தானியா இன்னும் இறுக்கம். 2012இல் வந்த விதிப்படி, அன்றாடக் காரியத்துக்கே பெற்றோருக்கு நீண்டகாலப் பராமரிப்பு வேண்டும், அந்தப் பராமரிப்பு, பிள்ளை காசு அனுப்பினாலும்கூட, சொந்த நாட்டில் கிடைக்காது அல்லது கட்டுபடியாகாது என்று காட்ட வேண்டும். லண்டனில் உழைக்கும் பிள்ளை திருகோணமலையில் ஆள் வைக்கக் காசு அனுப்ப முடியும் என்றாலே விண்ணப்பம் அடிபட்டுப்போகும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்கிறேன். பெற்றோரைப் பார்க்கக் கூப்பிடுகிறோம் என்று கூப்பிட்டு, பேரப்பிள்ளை பார்க்க வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அறுபத்தைந்தில் அம்மாவுக்கு அது சந்தோஷமாகவும் இருக்கலாம். எழுபத்தெட்டில் பனியில் பாடசாலை வாசலில் நிற்பது வேறு. அரச பென்ஷன்காரர் என்றால் உயிர்வாழ் சான்றிதழ் வேலையையும் அங்கிருந்தபடி தவறாமல் பார்க்க வேண்டும்.

நடமாடக்கூடிய வயதில் சில மாதம் போய்வருவதற்கு இந்த வழி சரி. நோய் முற்றியபின் இடம் மாற்றுவதற்குச் சரியான வழி என்று எனக்குத் தோன்றவில்லை.

## முதியோர் இல்லம்

"ஊர் என்ன சொல்லும்" என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். போரிலும் 2004 டிசம்பர் சுனாமியிலும் பிள்ளைகளை இழந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். கல்யாணம் செய்யாத அத்தைமார் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருமகளின் தயவில் ஒரு மூலையில் இருப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாடும் பேச்சுத்துணையும் உள்ள ஓர் இல்லம் மரியாதையானது. பிள்ளை இல்லாத, அல்லது பிள்ளைகள் கைவிட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தங்குமிடம் கொடுப்பது அரசின் கடமை என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அதே சட்டம் பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையிலும் வைக்கிறது, கவனிக்காத பிள்ளையிடம் பராமரிப்புப் பணம் கோரி முறையிடவும் வழி வைத்திருக்கிறது. விவரத்தைப் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

இடம் பார்க்கப் போகும்போது பகலில் பூந்தோட்டத்தைக் காட்டுவார்கள். நீங்கள் இரவில் எத்தனை பேர் கடமையில் என்று கேளுங்கள். பதிவு இருக்கிறதா, தமிழ் பேசுவார்களா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, ஆஸ்பத்திரியில் மறித்தால் துணைக்கு யார் நிற்பது, இதெல்லாம் கேட்க வேண்டியவை. முக்கியமானது, படுத்த படுக்கையானால் வைத்திருப்பார்களா என்பது. தன் காரியத்தைத் தானே பார்க்கக்கூடியவரை மட்டும் சேர்க்கும் இல்லங்கள் பல. அப்படியானால் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அம்மா திரும்ப வீட்டுக்குத்தான் வருவார்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | இரவு | கிளினிக், வார்டு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மகளின் வீடு | ஆள் உண்டு | சுகம் | மகளின் வேலை, உடம்பு |
| முறைவைத்து | வீட்டுக்கு வீடு மாறும் | கொப்பி, மருந்து குழம்பும் | இடமாற்றத்தின் தடுமாற்றம் |
| ஆள் வைத்து | இரண்டாவது ஆள் தேவை | மேற்பார்வை தேவை | லீவு, மாற்று ஆள், வீடு திருத்தம் |
| கொழும்பு, வெளிநாடு | உண்டு, பகல்தான் தனிமை | கொழும்பு நல்லது, வெளிநாட்டில் காப்புறுதி | வாடகை, காப்புறுதி |
| இல்லம் | கேட்டுத்தான் அறிய வேண்டும் | துணைக்கு ஆள் தேவை | படுக்கையானால் திரும்பி வருவது |

என்னைக் கேட்டால் திருகோணமலையில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கைகொடுப்பது ஒரு கலப்பு வழி. அம்மா சொந்த வீட்டில் அல்லது மகளின் வளவில். பகலுக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆள், அந்தச் சம்பளம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் பொறுப்பு. இரவு மகளுடையது, ஆனால் வருடத்தில் குறைந்தது ஒரு மாதம் வேறொருவர் வந்து அந்த இரவை எடுக்க வேண்டும். கிண்ணியா வீடுகளுக்கும் இது முன்னரைவிட இலகு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் பட்டின ஆஸ்பத்திரிக்குப் போகப் படகைக் காத்திருக்க வேண்டியதில்லை.

எடுத்த முடிவை மூன்று சந்தர்ப்பங்களில் திரும்பப் பாருங்கள். முதல் விழுகை, இரவில் ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறும் முதல் தடவை, பார்க்கிறவர் நோயில் படுக்கும் முதல் தடவை. பாரிசவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்தால் எல்லாக் கணக்கும் மாறும். ஒருவர் தனியாகத் தூக்கிப் புரட்ட முடியாது, இரண்டு பேர் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னர் அம்மாவிடமே கேட்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நிற்கும்போது கேட்டால் "எங்க விட்டாலும் இருப்பன்" என்றுதான் சொல்வார். ஒருவர் மட்டும் இருந்து, ஆறுதலாக, "உங்களைக் குளிப்பாட்ட யாரை விடுவீங்க? இராவில யாரைக் கூப்பிடச் சங்கடம் இல்லை?" என்று கேளுங்கள். சில அம்மாமார் மகளைவிடச் சம்பளத்துக்கு வரும் ஆளே கை வைக்கட்டும் என்பார்கள், சிலர் மருமகளின் பெயரைச் சொல்லி எல்லோரையும் திகைக்க வைப்பார்கள். எந்த வழி என்பதை அதற்குப் பிறகு பேசுங்கள்.